கொட்டாதே அக்காவும் கண் பார்க்கும் மெஷினும்

எங்கள் மருத்துவமனையில் சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளின் கண்ணுக்குள் படம் எடுப்பவளுக்குக் கொட்டாதே அக்கா என்று பெயர். "கண்ணைக் கொட்டாதே, கொட்டாதே" என்று நாளெல்லாம் கத்தினால் வேறென்ன பெயர் வரும்? எடுத்த படத்தைச் செயற்கை நுண்ணறிவு பார்க்கும். கண் நன்றாக இருந்தால் பச்சை காட்டும், சந்தேகம் என்றால் டாக்டரிடம் அனுப்பும். அந்த மெஷினுக்கும் அக்காவுக்கும் ஏழாம் பொருத்தம். பக்கத்து மேசையில் பெயர் பதிகிற நான்தான் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன்.

அன்றைக்குப் பத்து வயதுப் பெண் ஒருத்தி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அம்மா வெளியே பெஞ்சில் இருப்பதாகச் சொன்னாள். அக்கா படம் எடுத்தாள். "போன வருடப் படத்தோடு பொருந்தவில்லை. வேறு நபர்" என்றது திரை.

"இதோட லட்சணத்தப் பாத்தியா? எதிர்ல குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கா, வேற ஆளுங்குது."

லென்ஸைத் துடைத்து எடுத்தாள். வேறு நபர். அணைத்துப் போட்டு எடுத்தாள். அப்போதும் வேறு நபர். "போன வருஷமும் நான்தான் எடுத்தேன். இதே மூக்கு, இதே கன்னக்குழி. எனக்குத் தெரியாதா?" என்று மெஷினிடமே நியாயம் கேட்டாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தால் எனக்கும் திட்டு விழும் என்று அடக்கிக்கொண்டேன்.

அடுத்த வெளிச்சம் அடித்ததும் பெண்ணுக்குப் பொறுமை போய்விட்டது.

"அதைத் திட்டாதீங்க அக்கா. அது சரியாத்தான் சொல்லுது. எனக்கு சுகரே இல்ல, அவளுக்குத்தான். நாங்க ரெட்டைப் பிள்ளைங்க. அவ பாத்ரூம்ல ஒளிஞ்சிருக்கா."

முகம் ஒன்றாக இருந்தாலும் கண்ணுக்குள் ஓடும் ரத்தக் குழாய்கள் ஆளுக்கு ஆள் வேறாம். அக்கா முகத்தில் ஈயாடவில்லை. எழுந்துபோய் நிஜப் பெண்ணைக் கையோடு கூட்டிவந்தாள்.

"ஏண்டி இப்படிப் பண்ணின?"

"கண்ணு கெட்டுப்போச்சுன்னு வந்துட்டா? இப்பவே ராத்திரியில எழுந்து எழுந்து அம்மா எனக்கு சுகர் பாக்குறாங்க. இதுவும் சேந்தா தூங்கவே மாட்டாங்க. இவ கண்ணு நல்லாத்தான் இருக்கும், அதைக் காட்டிடலாம்னு…"

அக்கா அவள் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"கெட்டிருந்தாலும் சீக்கிரம் தெரிஞ்சா வைத்தியம் பண்ணலாம்டி. ஒளிக்கிறதுதான் ஆபத்து" என்று சொல்லி அவளை உட்கார வைத்தாள்.

படம் எடுத்தாயிற்று. மெஷின் ஆற அமர யோசித்தது. நாங்கள் நாலு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆள் அவளேதான். இரண்டு கண்ணுக்கும் பச்சை.

"சமத்து" என்று மெஷினைத் தட்டிக்கொடுத்தாள் அக்கா, அத்தனை நேரம் திட்டிய அதே வாயால்.

சொல்லலாம் என்று வெளியே போனோம். அம்மா பெஞ்சில் சாய்ந்து, வாய் திறந்தபடி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பப்போன அக்காவின் கையை, பாத்ரூமில் ஒளிந்திருந்த அந்தப் பெண் பிடித்து இழுத்தாள்.

"எழுப்பாதீங்க அக்கா. நல்ல சேதிதானே, மெதுவா சொல்லிக்கலாம்."