கொம்பைச் சொன்னால் மாட்டைக் காட்டுகிறவள்

புதுக்கோட்டை கம்ப்யூட்டர் சென்டரில் சுடர்விழிக்குச் சம்பள வேலை, சான்றிதழுக்கு விண்ணப்பம் போடுவது. சம்பளமில்லாத வேலை, காணாமல் போன ஜல்லிக்கட்டு மாடுகளைத் தேடுவது. வாடிவாசலிலிருந்து பாய்கிற மாடு, பிடிக்க வந்தவனை ஏமாற்றுகிற வேகத்தில் வளர்த்தவரையும் ஏமாற்றிவிட்டு எங்கோ போய்விடும். அதற்காகவே ஏழு வருஷமாக நாற்பதாயிரம் மாடுகளைக் கொம்பு, சுட்டி, நிறத்தோடு டேட்டாபேஸில் ஏற்றி வைத்திருந்தாள். வளர்த்தவர்களே போனிலிருந்தும் பதியலாம். நமக்கே அவ்வளவு அங்க அடையாளம் எவரும் எழுதி வைக்கவில்லை.

மத்தியானம் அரிமளத்துப் பக்கமிருந்து போன். மலையாண்டி என்ற விவசாயி.

"விடியக்காலைலேருந்து என் கடலைக் கொல்லையில ஒரு மாடு நிக்கிதுங்க. கருப்பு. வலது கொம்பு வளைஞ்சு காதைத் தொடுது. நெத்தியில வெள்ளைச் சுட்டி. அரை மணி நேரத்துல ஆளைச் சொல்லுங்க. இல்லேன்னா ரோட்டுக்குப் பத்தி விட்ருவேன்."

அது லாரி பறக்கிற ரோடு.

டேட்டாபேஸில் வளர்த்தவர் பேரைக் கொடுத்தால் மாடு வரும். மாட்டைக் கொடுத்தால் பேர் வராது. அடையாளத்தைத் தட்டிப் பார்த்தாள். எழுதின வரிசை மாறினால்கூட 'இல்லை' என்றது கம்ப்யூட்டர்.

கூட வேலை பார்க்கும் அஜித் எட்டிப் பார்த்தான். "தேடுறதுக்குன்னே தனியா ஒரு சாப்ட்வேர் போடுவோம்க்கா. பெரிய கம்பெனியெல்லாம் அப்படித்தான். தினம் ராத்திரி இதுலேருந்து அதுக்கு ஒரு காப்பி போயிரும்."

"இன்னிக்கு ஏத்துன மாடு?"

"நாளைக்கு வரும்."

"நேத்து தொலைச்சவங்க இன்னிக்குத்தான்டா ஏத்தியிருப்பாங்க. மாடு நாளை வரைக்கும் கியூவுல நிக்குமா?"

டேட்டாபேஸுக்குள்ளேயே சொல் அட்டவணை போட முடிவு செய்தாள். ஒவ்வொரு சொல்லுக்குக் கீழும் அந்தச் சொல் உள்ள மாடுகளின் நம்பர். புதுசாக ஏறுவதும் அந்த நொடியே அதில் சேரும்.

"புதுசா பதியுறது மெதுவாகும்க்கா."

"ஆவட்டும்."

ஒன்பது நிமிஷம் அந்தப் பழைய மிஷின் முக்கியது. பிறகு மலையாண்டி சொன்னதை அப்படியே அடித்தாள். எண்டர் தட்டிய விரலை எடுப்பதற்குள் விடை வந்து நின்றது. நாற்பதாயிரம் மாடுகளும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பிக் கொம்பைக் காட்டின மாதிரி இருந்தது அவளுக்கு.

முதல் வரி: கண்ணாத்தாள், நார்த்தாமலை. மாட்டின் பேர் சில்லு. பதிந்தது அன்று காலை பதினொன்று பத்து.

இரண்டு பேரையும் ஒரே போனில் சேர்த்தாள். கண்ணாத்தாள் 'அலோ' கூடச் சொல்லவில்லை.

"சில்லு... சாப்பிட்டியாடா?"

மலையாண்டி மாட்டுக்குப் பக்கத்தில் நின்று ஸ்பீக்கரில் போட்டிருந்தார். மாட்டின் மூச்சு புஸ்புஸ்ஸென்று போனில் கேட்டது.

"ஆத்தா," என்றார் மலையாண்டி. குரல் இறங்கியிருந்தது. "மாடு போனை நக்குதுங்க. தண்ணி காட்டிக் கட்டி வைக்கிறேன். பதறாம வாங்க."