மீதி இருபத்தெட்டு விநாடி

பிச்சைக்கனியின் சட்டையைக் குறை சொல்லுங்கள், சிரிப்பார். அவர் ஊரைக் குறை சொல்லுங்கள், கூடச் சேர்ந்து இரண்டு குறை சொல்வார். அவர் போட்ட பரோட்டாவைக் குறை சொன்னால் மட்டும் மனுஷன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவார். களக்காட்டுப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்து இருபத்தோரு வருஷம். அதில் பதினெட்டு வருஷம் தம்பானூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டின ஒரு சந்தில், கிரீஷ் முதலாளியின் ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். சாயங்காலம் நாலு மணிக்குக் கல் சூடாகிவிட்டால் ரயிலுக்குப் போகிறவன்கூடப் பெட்டியைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு நின்று பொட்டலம் வாங்கிப் போவான்.

அந்த மனுஷன் இன்றைக்குக் கரமனையில் ஒரு கட்டிடத்தில் மணல் சுமக்கிறார். பதின்மூன்று விநாடி ஓடுகிற ஒரு வீடியோ செய்த வேலை இது.

போன மாசியில் அது வந்தது. பிச்சைக்கனி பரோட்டாக்களை அடுக்கி வைத்துத் தட்டுகிறார். ஒன்று நழுவித் தரையில் விழுகிறது. குனிந்து எடுக்கிறார், பலகையின் ஓரத்தில் வைக்கிறார், மறுபடி தட்டுகிறார். அவ்வளவுதான், முடிந்தது. ‘தரையில் விழுந்தது உங்கள் இலையில்’ என்று மேலே மலையாளத்தில் யாரோ எழுதி விட்டிருந்தார்கள். ஆட்டோக்காரர்கள் குரூப்பில் ஆரம்பித்து, லாட்ஜ்காரர்கள் குரூப்புக்குப் போய், மறுநாள் மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கச் சுற்றிவிட்டது. உணவுத் துறையிலிருந்து சோதனைக்கு ஆட்கள் வந்தார்கள். ஹோட்டலை ஒரு வாரம் சாத்தினார்கள்.

நாகர்கோவிலில் நர்ஸிங் படிக்கிற மகள் அஜிதாவின் போனுக்கும் அது போயிருக்கிறது. அவள் கூப்பிட்டுக் கேட்டாள்.

“யப்பா, அத எடுத்து யாருக்காச்சும் போட்டியளா?”

“போடலம்மா.”

“நெசமா?”

“சத்தியமா போடல.”

சொல்லிவிட்டார். போனை வைத்தபிறகுதான் யோசித்தார். ஒரு நாளைக்கு நானூறு பரோட்டா போடுகிற கை. எது எப்போது விழுந்தது, விழுந்ததை என்ன செய்தோம் என்று எந்த மாஸ்டருக்கு ஞாபகம் இருக்கும்? விழுந்ததை வாளியில் போடுவதுதான் அவர் வழக்கம். அன்றைக்கும் போட்டிருப்பார். ஆனால் அந்தப் பாழாய்ப்போன வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் பார்த்து, பலகை ஓரத்தில் இருக்கிற அந்தப் பரோட்டா அடுக்குக்குள் போயிருக்குமோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. தன் கையையே நம்ப முடியாமல் போவது எவ்வளவு பெரிய கொடுமை!

அந்தச் சமயத்தில் கூடவே நின்றவன் விஜய்குமார். அதே ஹோட்டலில் டீ மாஸ்டர், அடுத்த ஊர்க்காரன், வயதில் எட்டு வருஷம் இளையவன். பத்து வருஷமாக இரண்டு பேருக்கும் ஒரே அறை. ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் விஜய்குமாரின் அம்மா மாடம்மாள் கருவாட்டுத் தொக்கு இரண்டு டப்பாவில் கொடுத்தனுப்புவாள். ஒன்று மகனுக்கு, ஒன்று பிச்சைக்கனிக்கு. விஜய்குமாருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும் என்பதால் பிச்சைக்கனியின் போன் சமாச்சாரம் முழுக்க அவன் கையில். மகளை வீடியோவில் பார்க்கலாம் என்று பிச்சைக்கனி முதல் முதலாக நல்ல போன் வாங்கியபோது, கணக்குத் திறந்து, பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தவன் அவன்தான். பாஸ்வேர்டு என்னவென்று இவர் கேட்கவும் இல்லை. இடையில் ஒருநாள் டீ பாய்லருக்குப் பக்கத்திலிருந்து, “அண்ணாச்சி, ஒங்க போனுக்கு ஆறு நம்பர் வந்திருக்கும், படிங்க” என்று கத்தினான். எண்ணெய்க் கையோடு இவரும் படித்துச் சொன்னார். எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

ஹோட்டல் மூடியிருந்த அந்த வாரத்தில் விஜய்குமார்தான் யோசனை சொன்னான்.

“அண்ணாச்சி, வீம்பு பிடிக்காதிய. வீடியோவுல எல்லாந்தான் தெரியுதுல்லா? மொதலாளி கால்ல விழுந்து, தப்பு நடந்துபோச்சுன்னு ஒத்துக்கிடுங்க. மனசு எளகிருவாரு. நான் பொறுப்பு.”

“நான் செஞ்சேனான்னே தெரியலையேடே.”

“செய்யலன்னும் தெரியலல்லா? ஒத்துக்கிட்டவன யாரும் தொரத்த மாட்டாவ.”

போய் விழுந்தார். நாற்பத்தேழு வயது மனுஷன், கல்லாப்பெட்டிக்கு முன்னால், சப்ளையர்கள் பார்க்க விழுந்தார். “தெரியாம செஞ்சிட்டேன் மொதலாளி, மன்னிச்சிருங்க.” கிரீஷ் முதலாளி அதுவரை இரண்டு மனசாகத்தான் இருந்திருக்கிறார். இதைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. “நீ செஞ்சிருக்க மாட்டேன்னு நான் ஆளுங்ககிட்ட தர்க்கம் பண்ணிட்டிருந்தேன் பிச்சை. இனி நான் எந்து பறயான், என்ன சொல்ல? போயிக்கோ” என்று உள்ளே எழுந்து போய்விட்டார்.

பொன்முடி மலைக்குப் போகிற கூட்டத்தை நம்பிக் கல்லாற்றில் ஒரு கிளை திறக்கிறதாக இருந்தது. பிச்சைக்கனி பொறுப்பில் என்று முதலாளி தைமாதமே சொல்லியிருந்தார். அது விஜய்குமாருக்குப் போனது. கல்லாறு பஸ் ஏறுகிற அன்று அவன் இவரைக் கட்டிப்பிடித்து அழுதான். “ஒங்க எடத்துல போய் நிக்க எனக்கே கூச்சமா இருக்கு அண்ணாச்சி.” அதற்கு இவர் சமாதானம் சொல்கிறார், கேளுங்கள்: “யாராவது ஒருத்தன் நிக்கணும்லாடே. நீ நின்னா நான் நின்ன மாதிரி.” அவன் பெட்டியைத் தூக்கி பஸ்ஸில் வைத்தவரும் இவரேதான்.

அப்புறம் எந்த ஹோட்டலும் சேர்க்கவில்லை. வாசலில் பார்த்ததுமே அந்த வீடியோ ஆள் என்று அடையாளம் கண்டுகொண்டார்கள். மணல் சுமக்கப் போனார். ஆவணி மாதம் ஒருநாள் சட்டைப்பையிலிருந்த போன் கலவை மெஷினுக்குள் விழுந்து சிமென்டோடு சிமென்டாகிவிட்டது. சிம்மை மட்டும் எப்படியோ நோண்டி எடுத்துக்கொண்டு, தம்பானூரில் பழைய போன் விற்கிற சுசீலாபாயின் கடைக்குப் போனார். பாறசாலைக்காரி, வாய் பேசிக்கொண்டே இருக்கும், கை வேலை செய்துகொண்டே இருக்கும்.

“பாஸ்வேர்டு தெரியாதா? கொள்ளாம், நல்லாருக்கு! எல்லாரும் இப்படித்தான் வரீங்க. சாரமில்ல, பரவால்ல, சிம்மு இருக்கல்லோ, அதுல நம்பர் வரவச்சுப் புதுசு போட்டுத் தரேன். இதோட வேற யாராச்சும் ஒங்க கணக்குக்குள்ள இருந்தா அவங்களும் வெளிய போயிருவாங்க.”

புது பாஸ்வேர்டு போட்டாள். போனில் படங்கள் இறங்க ஆரம்பித்தன. பிச்சைக்கனி எடுத்தது மொத்தம் ஐம்பது படம் இருந்தால் அதிகம். ஆனால் நூறு, ஐந்நூறு, ஆயிரம் என்று இறங்கிக்கொண்டே இருக்கிறது. சுசீலாபாய் நிமிர்ந்தாள்.

“அண்ணே, மூவாயிரத்துக்கு மேல இருக்கு. ஒங்க கணக்க யாரோ ஹேக் பண்ணியிருக்காங்கன்னு தோணுது. நிக்கு, எந்த போன்னு பார்க்கறேன்.” தேடிப் பார்த்துச் சொன்னாள்: “இன்னொரு போன் ஒண்ணரை வருஷமா உள்ள கெடந்திருக்கு. இப்பத்தான், நான் மாத்தினப்போ வெளிய போச்சு. விதுரைப் பக்கம்னு காட்டுது.”

இவர் அதற்குள் படங்களைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். விஜய்குமாரின் பெண்டாட்டி. விஜய்குமாரின் மகன் மொட்டைத் தலையோடு. போன வருஷம் செத்துப்போன மாடம்மாள், முறத்தோடு உட்கார்ந்து சிரிக்கிறாள்.

“அட பாவிகளா! அவன் போட்டோவயும்லா திருடியிருக்கானுவ!” என்றார் பிச்சைக்கனி. “இருங்கம்மா, பாவம், அவனுக்கு ஒரு வார்த்த சொல்லிருதேன்.”

கூப்பிட்டார். எடுக்கவில்லை. நிஜமாகவே அவனுக்காகத்தான் பதறினார். விதுரையைத் தாண்டினால் கல்லாறு என்பது இருபத்தோரு வருஷம் இந்த ஊரில் இருந்தவருக்குத் தெரியாததில்லை. ஆனாலும் மனசு அந்தப் பக்கம் போக மறுத்தது. படங்களைத் தள்ளிக்கொண்டே மாசி மாதத்துக்கு வந்தபோது விரல் நின்றது. பலகை, கல், குனிந்த முதுகு. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வீடியோ. ஒன்று பதின்மூன்று விநாடி. இன்னொன்று நாற்பத்தொன்று.

பெரியதைத் தொட்டார். பரோட்டா விழுகிறது, குனிகிறார், எடுக்கிறார், பலகை ஓரத்தில் வைக்கிறார், தட்டுகிறார். சின்ன வீடியோ அங்கே நின்றுவிடும். இது நிற்கவில்லை. தட்டி முடித்த அடுக்கைத் தட்டுக்கு மாற்றுகிறார். கையைத் துண்டில் துடைக்கிறார். ஓரத்தில் கிடந்ததை இரண்டு விரலால் எடுத்து, கீழே இருக்கிற கழிவு வாளிக்குள் போடுகிறார். வாளியைக் காலால் உள்ளே தள்ளுகிறார். படம் ஆடாமல் கடைசிவரை எடுக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் டீ பாய்லரின் பித்தளைக் குழாய் தெரிந்தது.

“போடல” என்றார் பிச்சைக்கனி. “நான் போடல. பாத்தியளா, நான் போடலம்மா.”

கடையில் நின்றபடியே அழுதுவிட்டார். செய்யவில்லை என்று தெரிந்த சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. டீ பாய்லருக்குப் பக்கத்தில் நிற்கிறவன் ஒருத்தன்தான். நாற்பத்தொன்றையும் பார்த்துவிட்டு, எங்கே வெட்டவேண்டும் என்று பார்த்து வெட்டியிருக்கிறான். வெட்டிவிட்டு அதே ராத்திரி பக்கத்துப் பாயில் படுத்துத் தூங்கியிருக்கிறான். காலில் விழச் சொல்லி, சட்டைக்குப் பொத்தான் போட்டு அனுப்பியவனும் அவன்தான்.

விஷயம் இவ்வளவுதான் என்று சுசீலாபாய் விளக்கினாள். அவன் கணக்கில் படம் வைக்கிற இடம் தீர்ந்துபோயிருக்கும். இவர் கணக்கு காலியாகக் கிடக்கிறதே என்று தன் போனில் அதை ஏற்றி, எல்லாவற்றையும் இங்கே போட்டு வைத்திருக்கிறான். அதில் இந்த வீடியோவும் தானாக வந்து விழுந்திருக்கிறது. முதலில் அஜிதாவுக்கு அதை அனுப்பச் சொன்னார் பிச்சைக்கனி. சுசீலாபாய் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே விஜய்குமார் கூப்பிட்டான்.

“அண்ணாச்சி, கூப்பிட்டியளா? நானே கூப்பிடணும்னு இருந்தேன். எவனோ ஹேக் பண்ணிட்டான். எம் போட்டோ ஒண்ணு கூடக் காணல. போன்ல எடம் இல்லன்னு இங்க உள்ளதெல்லாம் அழிச்சுட்டேன் அண்ணாச்சி, அம்மா போட்டோ கூட என்ட்ட வேற இல்ல. ஒங்க போனுக்கு ஆறு நம்பர் வரும். அத மட்டும் படிச்சுச் சொல்லுங்க, நான் சரி பண்ணிருதேன்.”

பேசும்போதே ஆறு நம்பர் வந்து விழுந்தது. பிச்சைக்கனி அதைப் பார்த்தார்.

“யாரும் ஹேக் பண்ணலடே. எல்லாம் என்ட்டதான் இருக்கு. ஒன் அம்மையும் இருக்கா. மாசி மாசத்து நாப்பத்தோரு செகண்டும் இருக்கு.”

பிச்சைக்கனியே தொடர்ந்தார்.

“ஞாயித்துக்கெழம காலையில மொதலாளி கடையில இருப்பாரு. வா. ஒன் வாயால சொல்லு. சொல்லிட்டு ஒன் அம்மைய வாங்கிட்டுப் போ.”

“அண்ணாச்சி, அது வந்து...” என்றான். அப்புறம் வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கே போய் ஹோட்டலுக்கு எதிரே நின்றார். விதுரைப் பக்கத்து பஸ் ஒவ்வொன்றாக வந்து ஆள் இறக்கிவிட்டுப் போனது. வருவான் என்றுதான் நினைத்தார். பெற்றவளின் முகத்துக்காகவாவது வருவான் என்று நினைத்தார். ஒரு மணி ஆயிற்று. அம்மா முகமே போனாலும் பரவாயில்லை, கல்லாற்றுக் கடை போதும் என்று முடிவு பண்ணிவிட்டான் போலிருக்கிறது. பிச்சைக்கனி ரோட்டைக் கடந்து உள்ளே போனார்.

கிரீஷ் முதலாளி வீடியோவை மூன்று தடவை பார்த்தார். மூன்றாவது தடவை வாளி வரும்போது நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“எடா பிச்சை, நீ செய்யலையே.”

“செய்யல மொதலாளி.”

“பின்னே எதுக்குடா என் கால்ல விழுந்து செஞ்சேன்னு சொன்னே?”

“விஜய்குமார் சொல்லச் சொன்னான் மொதலாளி.”

“அவன் சொன்னா? செய்யாததைச் செஞ்சேன்னு சொல்லுவியா நீ?”

பிச்சைக்கனி போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“செஞ்சேனா இல்லையான்னு எனக்குச் சந்தேகமா இருந்தது மொதலாளி. அவனுக்குச் சந்தேகமே இல்ல. அதனால, அவன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்.”