அப்பா கிண்டிய தமீனா

என் அப்பா சமையல்காரர் என்பதும் அவருக்குச் சமைக்கத் தெரியாது என்பதும் எங்கள் வீட்டில் ஒரே நேரத்தில் உண்மையாக இருந்தன. பிரெஞ்சுத் தலைநகருக்கு வெளியே, சென் தெனியில் ஓர் அல்ஜீரியர் நடத்திய ரெஸ்டோரண்டில் பதினொரு வருடமாகக் கூஸ்கூஸ் என்ற ரவைச்சாப்பாட்டை அவித்துக்கொண்டிருந்தவர், லா சப்பலில் நாங்கள் இருந்த நாலாம் மாடி வீட்டில் ஒரு தேத்தண்ணீர்கூடப் போட்டதில்லை. அம்மா விட்டதும் இல்லை. "அங்கை நிண்டது காணும், இஞ்சையும் வந்து நிக்காதேங்கோ" என்பார். அப்பாவும் நல்ல பிள்ளையாகப் போய் டிவிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது ஒரு குளிர்காலத்தில் அம்மா நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். வயிற்றுக்குத்து என்று எனக்குச் சொல்லப்பட்டது. எனக்கு வருகிற வயிற்றுக்குத்தெல்லாம் ஓமத்தண்ணீரோடு அடங்கிவிடும்; அம்மாவுடையதற்கு மட்டும் ஏன் ஆம்புலன்ஸ் வந்தது என்று விளங்கவில்லை. அப்பா என்னை முன்னால் இருத்திவைத்து ஒன்றே ஒன்றைத்தான் சொன்னார்: "சனத்துக்குச் சொல்லிப்போடாதை, சரியோ?" எபினேயிலிருந்து சித்தி ஃபோன் எடுத்தபோது, அம்மா குளிக்கிறார் என்றார் அப்பா. சித்தி மறுநாள் எடுத்தபோதும் அம்மா குளித்துக்கொண்டுதான் இருந்தார்.

முதல் நாள் மாலை நாங்கள் இரண்டு பேரும் அடுப்பைப் பார்த்தபடி நின்றோம். பருப்பு எவ்வளவு நேரம் அவிய வேண்டும் என்று அப்பா என்னைக் கேட்டார். நான் அவரைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கிப்போய் கூஸ்கூஸ், கொண்டைக்கடலை, கரட், பூசணி எல்லாம் வாங்கிவந்தார். "எனக்குக் கைவந்தது இதுதான் பிள்ளை" என்று சொல்லி, அம்மா புட்டு அவிக்கிற பானையிலேயே கூஸ்கூஸை அவித்தார். அம்மா கண்டிருந்தால் பானையைச் சாம்பல் போட்டுத் தேய்த்திருப்பார்.

இரண்டாம் நாள் கச்சான் குழம்பு, நிலக்கடலையை அரைத்து விட்டது. ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவிய மாலி நாட்டுக்காரர் அப்பாவுக்குப் பழக்கியதாம். கோழியும் கச்சானும் எப்படி ஒரே சட்டிக்குள் வந்தன என்று நான் யோசித்து முடிப்பதற்குள் என் தட்டு காலியாகிவிட்டது. மூன்றாம் நாள் ஆட்டிறைச்சிக்குள் கறுவாப்பட்டையும் உலர்ந்த பிளம்ஸ் பழமும் போட்டார். இனிக்கிற இறைச்சியைச் சாப்பாடாகச் சாப்பிடுவதா, சாப்பாடு முடிந்தபின் இனிப்பாகச் சாப்பிடுவதா என்று தெரியாமல் இரண்டு விதமாகவும் சாப்பிட்டேன். இப்படிச் சமைக்கிற ஒருவர் இத்தனை வருடம் டிவி பார்த்து வீணாகிப்போனாரே என்று கவலையாக இருந்தது. அம்மா வீட்டில் இல்லை என்பதை நான் மறந்தே போனேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

நாலாம் நாள் மத்தியானம் அம்மா வந்தார். வந்தவர் என்னை ஒருமுறை அணைத்துவிட்டு, அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்தபடி படுத்துக்கொண்டார். அப்பா குசினிக்குள் போய் ரவையை நிதானமாக வறுத்தார். பட்டரையும் தேனையும் உருக்கி ஊற்றிக் கிண்டினார். தட்டில் பரப்பி, மேலே கறுவாத்தூளால் கோடு கோடாகப் போட்டார். இதற்குப் பெயர் தமீனா என்றார்.

"முதலாளியின்ரை மருமகள்மார் ஆஸ்பத்திரியாலை வரேக்கை அந்தாளின்ரை மனுசி இதைத்தான் செய்து குடுக்கிறவ. உடம்புக்கு நல்ல தெம்பாம்."

அம்மா அதைத் தொடவில்லை. ரெஸ்டோரண்ட் கைக்கு அளவு தெரியாது. இருபது பேருக்குக் காணும் தமீனா அடுப்படியில் இருந்தது. அப்பா மருந்து வாங்க இறங்கிப் போனார். வீணாகப் போகிறதே என்று நான் ஒரு கிண்ணத்தில் அள்ளி, மேலே கறுவாத்தூளும் தூவி, மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த மதாம் அல்ஜீரியாக்காரி. எங்கள் வீட்டில் சனம் என்றால் தமிழ்ச்சனம்தான். ஆகவே மதாமுக்குச் சொல்வது சனத்துக்குச் சொன்னதாகாது என்பது என் கணக்கு.

கதவைத் திறந்த மதாம் கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அம்மா இன்றைக்குத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். இது அப்பா செய்தது" என்று பிரெஞ்சில் சொன்னேன். அவ்வளவுதான். என் இரண்டு கன்னத்திலும் மாறிமாறி முத்தம் கொடுத்தார். பிறகு தலையை நிமிர்த்தி, நாக்கைச் சுழற்றி, மாடிப்படி முழுவதும் கேட்கும்படி ஒரு நீளக் குரவை போட்டார். ரவையில் கிண்டிய இனிப்புக்கு இவ்வளவு ஆரவாரமா என்று திகைத்துப்போனேன். ஆனாலும் அப்பாவை நினைத்துப் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து, அப்பா மருந்தோடு திரும்பிய பிறகு, மதாமும் அவருடைய தங்கையும் எங்கள் வாசலில் நின்றார்கள். இருவரும் நல்ல உடுப்புப் போட்டிருந்தார்கள். மதாமின் கையில் வெள்ளைக் கம்பளியில் பின்னிய சின்னஞ்சிறு சட்டையும் நாடா வைத்த தொப்பியும் இருந்தன. குழந்தை எங்கே என்று கேட்டார். அவர்கள் வீடு மாறி வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அவர்களைத் தேவையில்லாமல் காத்திருக்க வைப்பானேன் என்று, நன்றாகக் கேட்கும்படி சத்தமாகவே சொன்னேன்.

"இங்கே குழந்தை ஒன்றும் இல்லை, மதாம். நான் மட்டும்தான்."

அறைக் கதவு திறந்திருந்தது. மதாமின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. குசினியிலிருந்து கரண்டியோடு வந்த அப்பா வாயைத் திறந்தார். வெங்காயத்துக்கும் வாளிக்கும் போதுமாக இருந்த அவருடைய பிரெஞ்சு அன்றைக்கு உதவவில்லை.

அவர்கள் ஊரில் குழந்தை பிறந்தால்தான் தமீனா கிண்டுவார்களாம். கிண்ணம் யார் வீட்டுக்குப் போகிறதோ, அவர்களுக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தமாம். முதலாளியின் மருமகள்மார் அதைத் தின்று தேறியதை அப்பா கண்டிருந்தார், கிண்ணங்கள் வெளியே போனதைக் காணவில்லை. அம்மாவின் வயிற்றில் ஐந்து மாதம் இருந்த பிள்ளை தங்கவில்லை என்பதும், அதை ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று அப்பா முடிவெடுத்திருந்ததும் எனக்குத் தெரிந்தது நான் வளர்ந்த பிறகுதான்.

"அவையை உள்ளை வரச் சொல்லுங்கோ" என்று அம்மாவின் குரல் வந்தது.

மதாம் கட்டிலில் உட்கார்ந்து, கம்பளியுடுப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அம்மா கையை நீட்டி அதைக் கேட்டு வாங்கினார். மதாம் ஆறிக் கிடந்த தமீனாவை எடுத்துச் சின்னக் கரண்டியால் அம்மாவுக்கு ஊட்டத் தொடங்கினார். அம்மா சாப்பிட்டார். சாப்பிட்டபடியே அழுதார். தேன் கூடிப்போய்விட்டதாக்கும் என்று நான் அப்பாவைப் பார்த்தேன்.

"ஒருத்தருக்கும் தெரியக்கூடாதெண்டுதானே..." என்று அப்பா மெல்லத் தொடங்கினார்.

"ஒராளுக்காவது தெரியட்டும்" என்றார் அம்மா.

எனக்கு அடி நிச்சயம் என்று எண்ணியிருந்தேன். யாரும் அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. அதுவே எனக்குப் பெரிய குழப்பமாக இருந்தது.

மறுநாள் காலையில் அந்தத் தொப்பி அம்மாவின் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது. சும்மாதானே கிடக்கிறது, என் பொம்மைக்குத் தாருங்கள் என்று கேட்டேன். அம்மா பொம்மையை வாங்கி மடியில் வைத்தார். தொப்பியைப் போட்டு, காது மூட இழுத்துவிட்டு, நாடாவை அதன் நாடிக்குக் கீழே கட்டினார். கட்டியதை அவிழ்த்து, இறுக்கம் இல்லாமல் மறுபடியும் கட்டினார். அதன் கன்னத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். ஒரு முடிச்சுப் போட இவ்வளவு நேரமா என்று எனக்குப் பொறுமை போய்விட்டது.

"கெதியாத் தாங்கோ அம்மா" என்று கையை நீட்டினேன்.