ஆளேறினால் இழுக்காத இஞ்சின்

டூ ஸ்ட்ரோக் இஞ்சினின் வேகத்தைக் கூட்ட ஒரு முறை உண்டு. சிலிண்டரில் புகை வெளியேறும் துவாரத்தின் மேல்விளிம்பை அரத்தால் சற்று உயர்த்த வேண்டும். பிஸ்டன் வளையம் சிக்காதபடி அந்த விளிம்பை மழுக்க வேண்டும். எவ்வளவு உயர்த்தலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. என் மாமாவிடம் அரம் மட்டும் இருந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. யாங்கோன் ஆற்றின் அக்கரையிலிருந்து அலோன் துறைக்கு மாமா மோட்டார் படகு ஓட்டினார். நான் பள்ளிக்குப் போனது அதில்தான். எங்கள் வகுப்பு ஆசிரியையும் அதில்தான் வருவார்; அவரைச் சயாமா என்று அழைப்போம். ஒருநாள் பக்கத்துப் படகு முந்தியதும், “அது நல்லாப் பறக்குதே!” என்றார் சயாமா. அவர் படகு மாறிவிடுவாரோ என்ற பயத்தில் மாமாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

உபரி சிலிண்டர் ஒன்றை ஞாயிறு முழுக்க அராவினார். மாலையில் அதை மாட்டித் தனியாளாக ஓட்டிப் பார்த்தார். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. சுமை ஏற்றியும் சோதிக்க வேண்டும் என்ற விதியை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

திங்களன்று பத்துப் பேர் ஏறினோம். இப்படி அராவிய இஞ்சின் வேகம் பிடித்த பிறகே பலம் காட்டும். பத்துப் பேரைச் சுமந்து அது வேகம் பிடிக்கவே இல்லை. இரைச்சல் மட்டும் போட்டது.

“என்ன மச்சான், கயிறு வீசட்டுமா?” என்று கத்தியபடி பக்கத்துப் படகுக்காரர் கடந்து போனார்.

புதனுக்குள் ஆறு பேர் அந்தப் படகுக்கு மாறினார்கள். வியாழனன்று மற்றவர்களும் போக, நானும் எழுந்தேன்.

“சயாமா, அதுல வாங்க. இதுல போனா மணி அடிச்சிரும்.”

“நீ போ. நான் இதுலயே வரேன்.”

“இது இழுக்காது சயாமா!”

“தெரியுது. நீ போ.”

மாமா இஞ்சினை அன்றுதான் முதலில் பார்ப்பவர்போலக் குனிந்துகொண்டார்.

அலோன் துறையில் இறங்கித் திரும்பிப் பார்த்தேன். நடு ஆற்றில் மாமாவின் படகு. இரண்டே பேர். முறைப்படி அது பறந்திருக்க வேண்டும். இரைச்சல்கூட இல்லாமல், நீரோட்டம் தள்ளிய பக்கமெல்லாம் ஒதுங்கி ஒதுங்கி வந்தது.

அன்று மாலை மாமாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே அம்மாவிடம் முறையிட்டேன்: “மாமா இஞ்சினு சுத்தமாக் கெட்டுப்போச்சும்மா. பழைய சிலிண்டர மாட்டச் சொல்லுங்க, சயாமா பாவம்.”

அம்மா தன் தம்பியைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டாள். இஞ்சின் பழுதாகிக் கிடக்கும்போது இப்படிச் சிரிப்பது பெரியவர்களுக்கு அழகில்லை என்று நினைத்துக்கொண்டேன்.