இரண்டு ஊர் மருந்து

பாண்டிமுருகன் பந்தியில் இறங்கிவிட்டால் யாரும் கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டியதில்லை. குழம்புக்கு வாய் திறக்குமுன் வாளி அங்கே நிற்கும். காரைக்குடியில் தன் குடும்ப வீட்டை விடுதியாக்கி நடத்தும் தேனம்மை ஆச்சி சமையல்காரர்களை மாற்றியிருக்கிறார். பரிமாற மட்டும் எப்போதும் பாண்டிதான்.

நாற்பது வயதுக்குப் பிறகு பாண்டியின் முழங்கையிலும் தலைமுடிக்குள்ளும் சிவந்த திட்டுகள் வந்தன. அவற்றிலிருந்து வெள்ளையாய்ச் செதில் உதிர்ந்தது. பின்னாலேயே விரல்கள் வீங்கின. காலையில் எழுந்ததும் குதிகாலை ஊன்ற முடியவில்லை.

மூட்டு வலியை ஊருக்கே சொன்னார். ஆச்சியே அவரை உள்ளூர் மூட்டு மருத்துவர் மீனலோசனியிடம் அனுப்பிவைத்தார். தோலைப் பற்றி மட்டும் பாண்டி மூச்சு விடவில்லை. சோற்றில் கை வைக்கிற ஆளுக்குத் தோல் நோய் என்று தெரிந்தால் எந்த விடுதியில் வைத்துக்கொள்வார்கள்? முழுக்கைச் சட்டைக்கு மாறினார். திருப்பரங்குன்றத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மதுரையில் ஒரு தோல் மருத்துவரைப் பார்த்தார்.

தோல் உரிகிறதா, தலையில் செதில் உண்டா என்று மீனலோசனி முதல் நாளே கேட்டார். இல்லை என்றார் பாண்டி. மூட்டு வலிக்கிறதா என்று மதுரை மருத்துவர் கேட்டார். அங்கேயும் இல்லை என்றுதான் சொன்னார். ஆமாம் என்றால், எங்கே வைத்தியம் பார்க்கிறாய் என்று கேட்டுக் காரைக்குடிக்குப் போன் போட்டுவிடுவார்களோ என்று பயம்.

இரண்டு இடத்திலும், வாரத்தில் ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டிய மாத்திரை கொடுத்தார்கள். அட்டை வேறு, பெயர் வேறு. குழப்பிக்கொள்ளக் கூடாது என்று மூட்டு மாத்திரையைச் செவ்வாய்க்கிழமையும் தோல் மாத்திரையை வெள்ளிக்கிழமையும் விழுங்கினார். நடுவில் பங்காளி கோட்டைச்சாமி ஒரு தைலம் கொடுத்து, கத்தரிக்காயை நிறுத்தச் சொன்னார். அதையும் செய்தார். விரல் வீக்கம் வடிந்தது. ஆனால் வாயெல்லாம் புண். எது கேட்டது, எது கெடுத்தது என்று அவருக்கே பிடிபடவில்லை.

தண்ணீர்கூட இறங்காமல் போன பிறகு மனைவி சத்தியப்பிரியா அவரை மீனலோசனியிடம் இழுத்துக்கொண்டு போனார். இரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் நன்றாகக் குறைந்திருந்தன. தான் கொடுத்த அளவுக்கு இப்படி ஆகாதே, வேறு ஏதாவது சாப்பிடுகிறாரா என்று மருத்துவர் விசாரித்தார். பாண்டி மின்விசிறியைப் பார்த்தார்.

"நீங்க சொல்றீகளா, நான் சொல்லட்டுமா?" என்றார் சத்தியப்பிரியா.

மனைவி பையிலிருந்து மதுரை அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். மீனலோசனி அதன் பின்புறத்துப் பொடி எழுத்தைப் படித்தார். மெத்தோட்ரெக்ஸேட். அவர் எழுதிக் கொடுத்ததும் அதேதான்.

"கம்பெனி பேருதான் வேற. மருந்து ஒண்ணு."

"தோலுக்கும் மூட்டுக்கும் ஒரே மருந்தா டாக்டர்?"

"நோயே ஒண்ணுதானேய்யா."

சொரியாசிஸ் தோலில் தொடங்கிச் சிலருக்கு மூட்டிலும் இறங்கும் என்று அவர் விளக்கினார். இரண்டு மாத்திரையையும் அன்றே நிறுத்தி, அதற்கு முறிவு மருந்து கொடுத்து, பாண்டியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அணுக்கள் ஏறிய பிறகு அடுத்த வைத்தியத்தைப் பேசினார். இதே மருந்தைச் சரியான அளவில், இரத்தம் பார்த்துப் பார்த்துக் கொடுக்கலாம். அதற்கு அடங்காவிட்டால், காசநோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஊசி மருந்துக்குப் போகலாம். வலி மாத்திரை தொடர்ந்து தின்றால் வயிறும் சிறுநீரகமும் கெடும். எதை எடுத்தாலும் உடற்பயிற்சி உண்டு. வேரோடு போகாது, அடக்கி வைக்கலாம்.

பாண்டிக்குத் தலை சுற்றியது. மருத்துவர் என்றால் ஒரு மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்புவார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார். இதில் தனக்கு எது சரி என்று கேட்டார்.

"சேந்து முடிவு பண்ணுவோம். ஆனா நீங்க எதையும் மறைக்கக் கூடாது."

வீடு திரும்பியதும் நேரே ஆச்சியிடம் போனார். சட்டைக் கையைச் சுருட்டி முழங்கையைக் காட்டினார். இது ஒட்டாது என்று மருத்துவர் சொன்னதையும் சொன்னார். ஆச்சி குனிந்து பார்த்தார்.

"சாயங்காலம் வா" என்றார். அவ்வளவுதான்.

"எதுக்கு வரச் சொன்னாகளாம்? பரிமாறவா, வேலையை விட்டு நின்னுக்கன்னு சொல்லவா?" என்றார் சத்தியப்பிரியா.

சாயங்காலம் விருந்தாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி விருந்தாளி கை கழுவும்வரை பச்சைத் தண்ணீர் குடிக்காத ஆச்சி, அன்று முதல் இலையில் உட்கார்ந்திருந்தார். தன்னைச் சோதிக்கிறாரா, வேறு ஆள் பரிமாறுவதைப் பார்க்கச் சொல்கிறாரா என்று புரியாமல் பாண்டி வாசல்படியிலேயே நின்றார்.

"ஏன்டா பாண்டி அங்கேயே நிக்கிறே? ஒட்டாதுன்னு நீதானே சொன்னே. சோத்தை வை."

மருந்தை நிறுத்தியதில் விரல்கள் மறுபடி வீங்கியிருந்தன. கரண்டி பிடியில் நிற்கவில்லை. பாதிச் சோறுதான் இலையில் விழுந்தது.

"இம்புட்டூண்டு வச்சா எப்படி? இன்னும் வை."

பக்கத்து இலைக்காரர் பாண்டியின் கையைப் பார்த்தார், ஆச்சி பிசைந்து உண்பதைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்கும் வைங்க" என்றார்.