பெயர் எழுதாத மூன்று சிடிகள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை பெங்களூர் போய் வந்தேன். காரணம் என் அக்கா. கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் கணினி ஆசிரியை. அங்கே பன்னிரண்டு கணினிகள். எல்லாவற்றிலும் மென்பொருள் திருட்டு நகல். தலைமையாசிரியருக்குத் திடீரென்று பயம் பிடித்துவிட்டது. திங்கள் காலைக்குள் மாற்றாவிட்டால் அறையைப் பூட்டிவிடுவாராம்.

லினக்ஸ் என்ற இயங்குதளம் இலவசம். யாரும் நகலெடுக்கலாம். ஆனால் எங்கள் தொலைபேசி இணைப்பில் அதை இறக்க நாள்கணக்காகும். பெங்களூர் காக்ஸ் டவுனில் இருக்கும் நண்பன் ஜெரால்டிடம் அது இருந்தது. சிடி எழுதும் கருவியும் இருந்தது.

கிருஷ்ணகிரியிலிருந்து காலை 6.20க்குப் பேருந்து. 90 கிலோமீட்டர், 31 ரூபாய், இரண்டரை மணி நேரம். மெஜஸ்டிக் பேருந்து நிலையத்திலிருந்து காக்ஸ் டவுனுக்கு நகரப் பேருந்தில் இன்னும் முக்கால் மணி.

மூன்று சிடிகள். ஜெரால்டு மார்க்கரை எடுத்தான். பெயர் எழுத வேண்டாம் என்றேன். வரும்போது மாநில எல்லையில், அத்திபெலே சாவடியில் பைகளைச் சோதித்ததைப் பார்த்திருந்தேன். புதுப்பட சிடிகளைத் தேடுகிறார்கள் என்று பேருந்தில் பேச்சு. பெயர் இல்லாவிட்டால் காலி என்று விட்டுவிடுவார்கள்.

"இது திருட்டு இல்லடா மச்சா. காப்பி பண்ணிக்கோன்னு அவங்களே எழுதி வச்சிருக்காங்க."

"அதை யார்டா நம்புவாங்க?"

"ஹெதர்பேடா." பயப்படாதே என்பதைக் கன்னடத்தில்தான் சொல்வான். "உன் மூஞ்சியப் பாத்தாலே பிடிச்சிடுவாங்க, போ."

மூன்றாவது சிடி இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம், லினக்ஸைக் கணினியில் நிறுவுவது முதலாவதுதான், அது முக்கியம் என்று சொல்லி அனுப்பினான்.

மாலை 3.40க்குத் திரும்பும் பேருந்து. சிடி டப்பாவைக் கால்களுக்கு நடுவில் வைத்திருந்தேன். பக்கத்து இருக்கையில் ஒருவர். ஒட்ட வெட்டிய முடி. பழுப்பு ஷூ. காக்கிக் கால்சட்டை. சந்தாபுரா தாண்டியதும் குனிந்து பார்த்தார்.

"என்ன தம்பி, புதுப்படமா?"

"இல்ல சார். காலி சிடி." நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

"அட, நல்லதாப் போச்சு. ஒண்ணு குடுங்க. பொண்ணு ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்கு நாலு நாளா உயிர வாங்கறா. சும்மா வேணாம், காசு வாங்கிக்கணும்."

மறுக்க வழியில்லை. காலி சிடியை மறுப்பவன் எதையோ மறைக்கிறான். மேலே இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். மூன்றாவதாக இருக்கட்டும். மூன்றாவதாக இருக்கட்டும். கையில் பத்து ரூபாய்.

அத்திபெலேயில் சோதனை செய்பவர் ஒருவர் ஏறினார். என் டப்பாவைத் தொட்டார்.

"காலி சிடி சார். நம்ம பையன்தான்," என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.

என் பொய்யை அவர் உண்மையாகவே சொன்னார்.

ஓசூரில் அவர் இறங்கும்போது கேட்டேன், போலீஸா என்று. சிரித்தார். "கம்பெனில செக்யூரிட்டி தம்பி. வேர்த்து ஊத்துதே, ஒடம்பு சரியில்லையா?" பேருந்து நகர்ந்த பிறகுதான் பெயரைக் கேட்கவில்லை என்று உறைத்தது.

வீட்டில் இரண்டையும் போட்டுப் பார்த்தோம். இரண்டாவது. மூன்றாவது. அக்கா கேட்டாள், "ஒண்ணாவது எங்கடா?" திங்கள் காலை அறையைப் பூட்டினார்கள். மறு சனிக்கிழமை மீண்டும் போனேன். இந்த முறை ஒவ்வொன்றிலும் கொட்டை எழுத்தில் பெயர். யாரும் கேட்கவில்லை. அறையை இன்னும் திறக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: காலி சிடிகளைப் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் வாங்கிக்கொள்ளுங்கள், விலை குறைவு. இரண்டு தொகுதி எழுதுங்கள். உரிமப் பக்கத்தை அச்சிட்டு டப்பாவின் மேலேயே வையுங்கள். யாராவது கேட்டால், என்னவென்று சொல்லுங்கள். இன்னொருவருக்குத் தரலாம் என்பதையும்.

எனக்கு இப்போது சோதனை பயமில்லை. பக்கத்து இருக்கைக்காரரின் பெண்தான். பள்ளிக் கணினியில் அந்த முதல் சிடியைப் போட்டு, இயக்கியிருப்பாள். கணினியில் இருக்கும் பழையது எல்லாவற்றையும் அழிக்கவா என்று திரை ஆங்கிலத்தில் கேட்டிருக்கும். காலி என்று அப்பா சொல்லிக் கொடுத்த சிடி. விரல் பொத்தானின் மேல்.