மாமனார் படத்துக் கண்ணாடியில் வார்த்த பூக்கல்

தரையில் பதிக்கிற பூக்கல்லை வார்ப்பதும் இட்லி வார்ப்பதும் ஒன்றுதான் என்று நம்பிய ஆள் காரைக்குடியில் நான் ஒருவன்தான். நம்பியதோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அதை நடத்திக் காட்டுகிறேன் என்று என் மாமனாரின் படத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றினேன். மாமனார் அப்போது உயிரோடு இருந்தார். சிக்கலே அதுதான்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கப்பலில் வரும் பர்மாத் தேக்கை அடுக்கி வைக்கும் கிட்டங்கி ஒன்றில் மேற்பார்வை உத்தியோகம். மேற்பார்வை என்றால் வேலை செய்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பது. இந்த உத்தியோகத்தில் ஓர் ஆபத்து உண்டு. நாளெல்லாம் பார்த்துக்கொண்டே நிற்கிறவனுக்கு அந்த வேலை தனக்கும் தெரியும் என்று தோன்றிவிடும். எனக்குத் தச்சு வேலை தெரியும், இழைப்பு வேலை தெரியும், பூட்டு வேலை தெரியும். எல்லாம் பார்த்த மட்டில்.

நான் குடியிருந்த தெருவும் என்னைக் கெடுத்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்தால் போதும், ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவது ஒன்று உருவாகிக்கொண்டிருக்கும். எதிர்வீட்டு ஆச்சி சாயம் போட்ட ஓலையில் கொட்டான் என்கிற சின்னக் கூடை முடைந்து, மேலே பாசிமணி கோத்து உறை போடுவார்கள். ஒரு கல்யாணத்துக்கு அவர்கள் முடைந்த கொட்டானைப் பார்க்க மட்டுமே தேவகோட்டையிலிருந்து பெண்கள் வண்டி கட்டி வந்தார்கள். அடுத்த வீட்டில் ரங்கூனிலிருந்து ஓய்ந்து வந்த ஒருவர் தேக்குத் துண்டுகளில் பாய்மரக் கப்பல் செதுக்கிக்கொண்டிருந்தார். கப்பல் முடிகிற சமயம் பார்த்து, பாய்மரம் கோணல் என்று பிரித்துப் போட்டு மறுபடி தொடங்குவார். இவர்களுக்கு நடுவில் நான் மட்டும் வெறுங்கையோடு இருப்பதா? நானும் ஒரு கொட்டான் முடைந்தேன். எதிர்வீட்டு ஆச்சி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, இதுல எலுமிச்சம்பழம் வச்சா எங்குட்டு வழியா விழும்னு கேக்கலாமா?” என்றார்கள்.

சரி, பூக்கல்லுக்கு வருகிறேன்.

என் வீட்டு முன்னறையின் காரைத் தரை பெயர்ந்து குழி குழியாகக் கிடந்தது. என் மனைவிக்கு ஏழாம் மாதம். அவளைப் பார்க்கச் சிங்கம்புணரியிலிருந்து வந்த மாமனார், வாசலில் செருப்பைக் கழற்றி, “சௌக்கியமா மாப்ளே” என்று உள்ளே கால் வைத்தார். கட்டைவிரல் குழியில் மாட்டியது. மனிதர் விழவில்லை. விழாமல் இருக்க என் தோளைப் பிடித்தார். இரண்டு பேரும் விழுந்தோம்.

கட்டைவிரலில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“மாப்ளே, ஒம்பதாம் மாசம் வந்து மகளைப் பேறுகாலத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். நான் வரும்போது இந்தத் தரை இப்படியே கெடந்துச்சுன்னா, பெறகு ஆத்தாளையும் அனுப்ப மாட்டேன், பிள்ளையையும் அனுப்ப மாட்டேன். பெரிய மனுசன் நானே விழுகுறேன். தவழுற பிள்ளை என்னாகும்?”

அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் மனைவியிடம், “சும்மா கோவத்துல சொல்றாக” என்றேன்.

“எங்க ஐயாவா? எங்க அத்தையை ரெண்டு வருசம் அனுப்பாம வச்சிருந்தாக, அவுக வீட்டுக் கெணத்துக்குச் சுவரு இல்லைன்னு. நான் இந்த வீட்டுல இருக்கணும். நீங்க ஏதாச்சும் பண்ணுங்க.”

அவள் ‘ஏதாச்சும்’ என்று சொல்லியிருக்கக் கூடாது.

முறையாகத்தான் தொடங்கினேன். கொத்தனார் தேடினேன். ஊரில் ஏழெட்டுப் பெரிய வீடுகள் ஒரே சமயத்தில் எழும்பிக்கொண்டிருந்ததால் ஒருவரும் சிக்கவில்லை. மானகிரிப் பாதையில் புதிதாக ஒரு பூக்கல் பட்டறை வந்திருந்தது. சீமையிலிருந்து வருகிற வழவழப்பான தரைக்கல்லை நம் ஊர் மணலிலேயே வார்த்தார்கள். அங்கிருந்த மேஸ்திரி, “தை கழியட்டும் தம்பி, அதுவரைக்கும் ஒரு கல்லுகூடத் தர முடியாது” என்றார். தை கழிவதற்குள் என் வீட்டில் பிள்ளை பிறந்துவிடும்.

கேட்டுவிட்டு வந்திருக்கலாம். வழக்கம்போல நின்று பார்த்தேன். ஒரு கண்ணாடிப் பலகை. அதன்மேல் சதுரச் சட்டம். சட்டத்துக்குள் பூ வடிவத்தில் பித்தளை அச்சு. அச்சின் கண்களில் பச்சை, மஞ்சள், காவி என்று சாயக் கூழை ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கிவிட்டு, சிமிட்டியும் மணலுமாகப் பொடியைத் தூவி, மேலே ஈரக் கலவையை அப்பி மட்டம் தட்டுகிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டி. இன்னொருவன் தொட்டியிலிருந்து ஒரு கல்லை எடுத்து இலேசாகத் தட்டினான். கண்ணாடி வாழைப்பழத் தோல் மாதிரி கழன்று வந்தது. அடியில் பளபளவென்று பூ. அடேயப்பா, இவ்வளவுதானா?

அந்தக் கல் தொட்டியில் எத்தனை நாள் கிடந்தது என்று நான் கேட்கவில்லை. மேற்பார்வை பார்க்கிறவன் கேள்வி கேட்பதில்லை.

சட்டம் கிட்டங்கியில் கிடைத்தது. மரத்துண்டுகளை ஆணி அடித்து, அச்சு என்று நானே பெயரும் வைத்துக்கொண்டேன். சிமிட்டியும் சாயப்பொடியும் கடையில் வாங்கினேன். கண்ணாடிதான் இல்லை. மதுரைக்குச் சொல்லி அனுப்பினால் வர மூன்று வாரம் என்றார்கள். அன்று மனைவி எதிர்வீட்டுக்குப் பாசி கோக்கப் போயிருந்தாள். நான் கூடத்தில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தேன். சுவர் முழுக்கக் கண்ணாடி.

சாமி படங்களில் கை வைக்கவில்லை, பயம். மனிதர்கள் படங்கள் நான்கு இருந்தன. மூன்று சின்னவை. நாலாவது என் மாமனார். மதுரையில் கோட்டுப் போட்டு, மீசையை முறுக்கி, ஒரு கையைப் பூச்சாடிமேல் வைத்து எடுத்த படம். ஆளில் பாதி உயரம். ஒரே கண்ணாடியில் நான்கு கல் வார்க்கலாம். இப்படி ஒரு மாமனார் யாருக்கு வாய்ப்பார்!

கொல்லைப்புறத்தில் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் பட்டறை வைத்தேன். மாமனாரின் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அவர் முன்னிலையிலேயே சாயம் கலக்கினேன். மூன்று சின்னக் கண்ணாடியில் மூன்று, பெரிய கண்ணாடியில் நான்கு, ஆக ஏழு கல். தண்ணீர்த் தொட்டிக்கு எங்கே போவது? மாட்டுத் தொட்டி இருந்தது. கண்ணாடி இல்லாத படங்களை மறுபடி ஆணியில் மாட்டிவிட்டேன். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியவில்லை. கிட்டப் போய்ப் பார்க்க யாருக்கு என்ன அவசரம் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. மனைவி குளிக்கப் போன சமயத்தில் சின்னக் கண்ணாடிக் கல் ஒன்றை எடுத்து, பட்டறையில் பார்த்தபடியே இலேசாகத் தட்டினேன். அசையவில்லை. பலமாகத் தட்டினேன். அப்புறம் அரிவாள்மணை நுனியை விட்டு நெம்பினேன். கண்ணாடி ஒரு பக்கம், கல் ஒரு பக்கம், என் விரலில் இரத்தம் ஒரு பக்கம். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் பூ முழுசாக வந்தது, ஆனால் அது பூ இல்லை. பச்சையும் மஞ்சளும் காவியும் ஒன்றோடொன்று கலந்து, வாந்தி எடுத்த இடத்தில் கோலம் போட்ட மாதிரி இருந்தது.

மாமனாரில் கை வைக்கத் துணிவில்லாமல் உட்கார்ந்திருந்தபோது மனைவி கொட்டகைப் பக்கமிருந்து குரல் கொடுத்தாள்.

“மாட்டு மூஞ்சி ஏன் செவந்து கெடக்கு?”

“வெயிலு” என்றேன்.

“மாட்டுக்கு மட்டும் தனியா அடிக்குதோ?”

தொட்டிக்குள் கை விட்டாள். கண்ணாடியின் ஓரத்தைத் தடவினாள். என் உயிர் மாட்டுக்கொட்டகைக் கூரையில் போய் உட்கார்ந்துகொண்டது.

“இது எங்க ஐயா கண்ணாடி.”

“எப்படிச் சொல்ற?”

“மூலையில மொளகு கணக்கா ஒரு மேடு இருக்கு பாருங்க. எங்க ஐயாவைக் கழட்டி, அவுக மேல சிமிட்டியைக் கொட்டி, மாட்டுத் தொட்டியில முக்கி வச்சிருக்கீக.”

“அப்படிச் சொன்னாக் கேக்குறதுக்கு ஒரு மாதிரியா இருக்குல்ல?”

“செஞ்சது எப்படி இருக்கு?”

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நான் உடைத்த கல்லைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “கூழு தண்ணியாப் போச்சு. அதான் ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஓடியிருக்கு” என்றாள். பிறகு, “முன்னறைக்கு எத்தனை கல்லு வேணும்?” என்றாள்.

“இருநூத்துச் சொச்சம்.”

“ஒரு தரத்துக்கு எத்தனை வார்ப்பீக?”

“இப்போ... நாலு.”

விரல் விட்டு எண்ணினாள். “நம்ம பிள்ளை தவழ்ந்து முடிச்சு, நடந்து வந்து காலு வைக்கலாம்.”

இந்தக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும்.

பெரிய கண்ணாடியை மட்டும் அவள் தொட விடவில்லை. ஒன்பதாம் நாள் காலையில், தண்ணீருக்குள்ளேயே அது தானாக விட்டுக் கொடுத்தது. கீறல்கூட இல்லை. கல் நான்கும் என் கைவண்ணம், ஆகவே வாசல்படிக்கு அடியில் புதைத்தோம். பிறகு அவள் மணை போட்டு உட்கார்ந்தாள். என்னைக் கலவை குழைக்கச் சொன்னாள். என் மர அச்சைத் தூக்கி அடுப்புப் பக்கம் எறிந்தாள். வரப்போகிற பிள்ளைக்கென்று அவள் ஆத்தா கொடுத்தனுப்பிய பித்தளைப் பாலாடையை எடுத்து வந்தாள். பச்சைப் பிள்ளைக்குப் பால் புகட்டுகிற அந்த மூக்கு வழியே, தயிர்ப் பதத்தில் சாயக் கூழை இழுத்தாள். அச்சு கிடையாது, கோடு கிடையாது. வாசலில் தினமும் மாக்கோலம் இழுக்கிற அதே கை. நான்கு கல்லிலும் கால் கால் பூவாக இழுத்து, நான்கையும் சேர்த்தால் ஒரே தாமரை வருகிற மாதிரி முடித்தாள். இடையில் நான் ஒரு யோசனை சொன்னேன். “கலவை காயுது” என்றாள்.

இந்த முறை ஒன்பது நாளும் நான் தொட்டிப் பக்கம் போகவில்லை. மாட்டுக்கு வாளியில் தண்ணீர் வைத்தோம்.

கண்ணாடி கழன்ற அன்று அந்த நான்கையும் சாக்கில் சுற்றி மேஸ்திரியிடம் கொண்டுபோனேன். அவர் தரையில் சேர்த்து வைத்துப் பார்த்தார். உட்கார்ந்து பார்த்தார். விரலால் தடவினார்.

“யாரு அச்சு தம்பி இது?”

“அச்சு இல்லை மேஸ்திரி. பாலாடை.”

மனிதர் பட்டறையை அப்படியே விட்டுவிட்டு என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டார். என் மனைவி ஒரு கல் இழுத்துக் காட்டினாள். பாலாடையை வாங்கி மூக்கின் வளைவை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். “தாயி, இந்தப் பூவை ஒரு தாள்ல வரைஞ்சு குடு. என் ஆளுகளுக்கு இழுக்கவும் சொல்லிக் குடு. ஒரு பெரிய வீட்டுக்கு வார்த்ததுல செவப்புக் கல்லு மிஞ்சிக் கெடக்கு. உன் அறைக்கு நானே வந்து பதிச்சுத் தாரேன்” என்றார். காட்டிய கல்லைக் கண்ணாடியோடு பட்டறைக்குத் தூக்கிப் போனார், கண்ணாடி திரும்பி வரவில்லை. அடுத்த வாரம் பாத்திரக் கடையில் பாலாடை கேட்டு ஆறு மீசைக்காரர்கள் வரிசையாக நின்றதைக் கண்ணால் பார்த்தேன். கடைக்காரர், “எல்லார் வீட்டுலயும் ஒரே சமயத்துல விசேசமா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அறை முழுக்கச் சிவப்பு. நடுவில் அந்த ஒரு தாமரை. பதித்து முடித்த மூன்றாம் நாள் மாமனாரின் வண்டி வந்து நின்றது.

செருப்பைக் கழற்றினார். கட்டைவிரலை முதலில் வைத்துப் பார்த்தார். பிறகு முழுக்கால். குறுக்கும் நெடுக்குமாக இரண்டு நடை நடந்தார். சங்கடமே இல்லாமல் நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

“யாரு மாப்ளே போட்டது?”

“எல்லாம் நம்ம கைதான் மாமா.”

மனைவி இருமினாள். மாமனார் திருப்தியாகத் தலையை நிமிர்த்தினார். எதிரே கூடத்துச் சுவர். சுவரில் அவர். கண்ணாடி இல்லை. போதாததற்கு, நான் சாயம் கலக்கிய அன்று தெறித்த காவி, மீசைக்குக் கீழே இரண்டு சொட்டாக வழிந்து காய்ந்திருந்தது.

கிட்டப் போய் நின்றார். வெகுநேரம் பார்த்தார்.

“மாப்ளே, நான் என்னைக்கு வெத்தல போட்டேன்?”

தரை சரியாகிவிட்டது, படம் போய்விட்டது. கிணற்றுச் சுவருக்கு இரண்டு வருஷம் என்றால் இதற்கு எத்தனை வருஷம் என்று நான் மனக்கணக்குப் போட ஆரம்பித்தேன். என் மனைவிதான் முன்னால் வந்தாள்.

“ஐயா, அந்தத் தாமரையை உங்க கண்ணாடி மேலதான் வார்த்தோம். வேற கண்ணாடியில வார்த்தது எல்லாம் ஒடஞ்சு போச்சு. உங்களுதுல ஒரு கீறல் விழுகலை.”

அவர் திரும்பித் தரையைப் பார்த்தார். முழங்காலில் கை ஊன்றிக் குனிந்தார். ஓர் இதழின் ஓரத்தில் மிளகளவு சின்னக் குழி. அதில் விரலை வைத்தார்.

“என் கண்ணாடியில இருந்த மேடுல்ல இது?”

“ஆமாய்யா.”

“ஒண்ணுகூட ஒடையலை?”

“ஒண்ணுகூட.”

நிமிர்ந்தபோது மனிதர் ஓரங்குலம் வளர்ந்திருந்தார். எதிர்வீட்டுக்குப் போய், “ஆச்சி, கொஞ்சம் வந்துட்டுப் போங்க” என்று அழைத்துவந்து, குழியைக் காட்டினார். ரங்கூன்காரரையும் கப்பலோடு வரவழைத்துக் காட்டினார். சாப்பிட்டுக் கை கழுவும்போது என்னிடம், “பேறுகாலம் முடிஞ்சு அஞ்சாம் மாசம் நானே கொண்டாந்து விடுறேன். என் முகத்து மேல வார்த்த தரை. அதுல என் பேரன் தவழாம வேற எவன் தவழுறது?” என்றார். படத்துக்குப் புதுக் கண்ணாடி போட மதுரைக்குச் சொல்லியிருக்கிறேன் என்றேன். காவியை அழிக்க வேண்டாம், அதுவும் பார்வையாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

சாயங்காலம் வண்டி கட்டினார்கள். மனைவி தாமரையை மிதிக்காமல் தாண்டி வந்து வண்டியில் ஏறி வைக்கோல் மெத்தையில் சாய்ந்தாள். மாமனார் முன்னால் வண்டிக்காரனிடம் தரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் பின்பக்கமாகப் போய், தணிந்த குரலில் கேட்டேன்.

“நீ வர இன்னும் ஆறேழு மாசம் இருக்கு. கிட்டங்கியில நல்ல தேக்குத் துண்டு கெடக்கு. பிள்ளைக்குத் தொட்டில் ஒண்ணு நானே செஞ்சு வைக்கட்டா?”

அவள் கூண்டுத் திரையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“நீங்க சும்மா இருங்க.”